கப்பலை விட்டு இறங்கும் செலவு

வெளிநாட்டில் இருப்பது தனி உத்தியோகம். பினாங்கில் எனக்குச் சம்பளம் கொடுத்த வேலை மளிகைக் கடையில் பில் போடுவது. சம்பளமும் லீவும் இல்லாமல் நான் பார்த்த வேலை, ஊரிலிருந்து பணம் கேட்டு வரும் கடிதங்களுக்குப் பதில் சொல்வது. இதைப் படிக்கிற உங்களில் யாராவது கொழும்பிலோ ரங்கூனிலோ சிங்கப்பூரிலோ காலம் தள்ளியிருந்தால் நீங்களும் என் சக ஊழியர்தான். என் பாடு உங்களுக்குப் புரியும்.

எங்கள் ஊர் இராமநாதபுரத்துக்குக் கிழக்கே, கடல் ஓரம். சுதந்திரம் வந்த மறு வருஷம், இருபது வயதில் கப்பலேறினேன். வாப்பா மௌத்தாகி, அதாவது அப்பா இறந்து, வெகுநாள் ஆகிவிட்டது. வீட்டில் உம்மா மட்டும். மூன்று வருஷத்தில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டேன். ஆறு வருஷம் ஓடிவிட்டது. ஊருக்குப் போகக் கப்பல் கூலி சேரும். சேர்ந்த வாரமே ஊரிலிருந்து ஒரு கடிதம் வரும். உம்மாவை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு ஆசை கிடையாது. அது ஏன் அத்தனை கஷ்டமாக இருந்தது என்று இன்றுவரை முழுசாக விளங்கவில்லை. விளங்கினவரை சொல்கிறேன்.

சலாம் சொன்னால் தையல் மெஷின்

எங்கள் பக்கத்துக் கடிதங்களின் கடைசியில் சலாம் பட்டியல் ஒன்று இருக்கும். மாமாவுக்குச் சலாம், மாமிக்குச் சலாம், எதிர்வீட்டுக் காக்காவுக்கு, அதாவது அண்ணனுக்கு, சலாம் என்று ஒவ்வொரு பேராக எழுத வேண்டும். உம்மாவுக்கு எழுத்து தெரியாது. பள்ளிவாசல் லெப்பைதான் பாதி ஊருக்குக் கடிதம் படிப்பவரும் எழுதுபவரும். அவர் பட்டியலைச் சத்தமாக வாசிக்கும்போது தன் பேர் வருகிறதா என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

முதல் வருஷம் பதினோரு பேருக்குச் சலாம் சொன்னேன். ஏழு பேர் பணம் கேட்டு எழுதினார்கள். ஒருவருக்குக் கூரை மாற்ற, ஒருவருக்கு மகன் சுன்னத்துக்கு, இப்படி. சலாமில் எந்த எழுத்தைப் பார்த்து இவர்களுக்குப் பணம் ஞாபகம் வந்தது என்று குழம்பிப்போய், அடுத்த கடிதத்தில் நாலே நாலு பேரை எழுதினேன். விடுபட்ட ஏழு பேரும் உம்மாவிடம் போய், உன் மகனுக்கு நாங்கள் என்ன பொல்லாப்பு செய்தோம் என்று சண்டை. ஒருத்தரையும் விடாதே வாப்பா, தலைகாட்ட முடியவில்லை என்று உம்மா பதினைந்து பேர் கொண்ட பட்டியலை எழுதச் சொல்லி அனுப்பிவிட்டது. அதில் மேலவீட்டுச் சின்னம்மா என்று ஒரு பேர். யாரென்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. இருந்தாலும் சலாம் சொன்னேன். அவர் தையல் மெஷின் கேட்டார்.

எங்கள் கடையில் சாமான் நிறுக்கிறவர் கருப்பையா அண்ணன், கமுதிப் பக்கம். அவருக்கு வருகிற கடிதங்களையும் நான்தான் படித்துக் காட்டுவேன். என் கதையைக் கேட்டுவிட்டுத் தராசிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "ஏலே தம்பி, நாங்கள்லாம் 'அனைவரும் நலமா'ன்னு ஒத்த வரியில முடிச்சுருவோம். பேரச் சொல்லிக் கேட்டா, அவன் பதில் சொல்லாம என்னலே செய்வான்?"

வாங்குவதற்கு முன்னால் உடைந்த வத்தை

ஜமால் மச்சான் என் வாப்பாவின் அக்கா மகன். தபாலில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வத்தை பாறையில் மோதி அடிப்பலகை பிளந்துவிட்டது, தச்சனுக்குக் கொடுக்க நூற்றைம்பது ரூபாய் வேண்டும் என்று. வத்தை என்றால் பாய் கட்டி ஓட்டுகிற சின்னத் தோணி. மச்சானிடம் வத்தை இருந்ததே எனக்குத் தெரியாது. உங்களுக்கு எப்போது வத்தை வந்தது என்று உடைந்த நேரத்தில் கேட்பது மரியாதை இல்லை. அனுப்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துக் கப்பலில் வந்த ஒரு ஆள், மச்சான் கொடுத்தனுப்பியது என்று இன்னொரு கடிதத்தை நீட்டினார். அவர் வழியில் நாகூரில் இறங்கி தர்காவுக்கு வேண்டிக்கொண்ட நேர்ச்சையை முடித்து, அங்கே காய்ச்சலில் படுத்து, இரண்டு கப்பலைத் தவறவிட்டு வந்திருக்கிறார். கடிதத்தில், ஒரு நல்ல வத்தை விலைக்கு வருகிறது, முந்நூறு ரூபாய் இருந்தால் வாங்கிவிடுவேன் என்று இருந்தது. தேதிக்குப் பதில் இஸ்லாமிய மாதமும் பிறையும் போட்டிருந்தது. எனக்கோ கடைக் காலண்டரைப் பார்த்துப் பார்த்துப் பிறைக் கணக்கே மறந்துவிட்டது, எது முந்தி எழுதியது என்று பார்க்கத் தெரியவில்லை. உடைந்ததைத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்குகிறார் என்று நினைத்து, கப்பல் கூலிக்கு வைத்திருந்ததைத் துடைத்து அனுப்பினேன். கூடவே, உங்களிடம் மொத்தம் எத்தனை வத்தை இருக்கிறது என்று பணிவாகக் கேட்டு எழுதினேன். பதில் இப்படி வந்தது: "வத்தை ஒன்றுதான் மச்சான். விலை பேசி ஓட்டிப் பார்க்கும்போது உடைந்தது. உடைந்ததால் விலை குறைந்து, தச்சனுக்கு அனுப்பியதிலேயே வாங்கியாகிவிட்டது. வாங்க அனுப்பியதை அடுத்த தடவை உடைவதற்காகப் பத்திரமாக வைத்திருக்கிறேன்."

முதலாளி கேட்ட கேள்வி

ஐந்தாம் வருஷம் மறுபடி கப்பல் கூலி சேர்ந்தது. இந்தத் தடவை எந்தக் கடிதத்தையும் பிரிக்காமல் முதலாளியிடம் போய் லீவு கேட்டேன். அவரும் எங்கள் கரைக்காரர்தான். முப்பது வருஷமாகப் பினாங்கில் இருக்கிறார். லீவு தருகிறேன், பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டார். இரண்டு சட்டை, ஒரு கைலி என்றேன். என்னை உட்காரவைத்துவிட்டு ஒரு காகிதத்தை எடுத்தார்.

கடல் கடந்து போய்த் திரும்புகிறவனை எங்கள் ஊரில் சபராளி என்பார்கள். அவன் வந்த மறுநாள் காலையில் சொந்தம் முழுக்க வீட்டுக்கு வந்துவிடும். ஆம்பளைகளுக்குக் கைலி, பொம்பளைகளுக்கு வாசனைச் சோப்பு, பிள்ளைகளுக்கு பிஸ்கட் டின், வயசாளிகளுக்குக் குடையும் தலைவலித் தைலமும். கொடுக்காவிட்டால் கஞ்சன் என்று சொல்ல மாட்டார்கள். அதைவிட மோசம். போன இடத்தில் பையன் கெட்டுப்போய்விட்டான், சூதாட்டமோ என்னவோ என்று பேசுவார்கள். உம்மா அதைக் கேட்டுக்கொண்டு அந்தத் தெருவில் இருக்க வேண்டும். முதலாளி பேர் கேட்டுக் கேட்டு எழுதினார். முப்பத்திரண்டு பேர். சாமான் விலை கப்பல் கூலியைப் போல இரண்டு மடங்கு வந்தது. உம்மாவோ ஒவ்வொரு கடிதத்திலும், எனக்குப் பணம் வேண்டாம், நீ வந்தால் போதும் என்றுதான் சொல்லும். வந்தால் போதும் என்கிற ஊருக்குப் போக முடியாதது எனக்குக் கொஞ்சமும் பிடிபடவில்லை. முதலாளி காகிதத்தை மடித்து என் சட்டைப்பையில் வைத்தார்: "ஏறுறதுக்குக் கப்பல்காரனுக்குக் குடுத்தாப் போதும் தம்பி. இறங்குறதுக்குத்தான் ஊருக்கே குடுக்கணும்."

கண்ணாடி கேட்ட பெரிய மாமா

என் பெரிய மாமா உம்மாவுக்கு அண்ணன். நான் முதலில் கப்பலேறியது அவர் கொடுத்த காசில். அவர் கேட்பது கொஞ்சம்தான். நாலு மாதத்துக்கு ஒரு தடவை இருபதோ முப்பதோ ரூபாய். மூக்குக்கண்ணாடிக்கு, லேகியத்துக்கு என்று. கண் சரியில்லை என்பதால் பணம் மாமி பேருக்குப் போகும். மற்றவர்களுக்கு முனகிக்கொண்டே அனுப்புகிற நான், இவருக்கு மட்டும் சந்தோஷமாக அனுப்புவேன்.

ஆறாம் வருஷம் எங்கள் ஊரிலிருந்து காசிம் காக்கா கடையில் வேலைக்கு வந்து சேர்ந்தார். வந்த அன்றைக்கே, மாமாவுக்குப் புதுக் கண்ணாடி தோதாக இருக்கிறதா என்று கேட்டேன். அவர் அரிசி மூட்டையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில்தான் சொன்னார். மாமா மௌத்தாகி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அழுது முடிந்ததும் குழப்பம் பிடித்துக்கொண்டது. அப்படியானால் போன மாதம் கண்ணாடி கேட்டது யார்? மாமிதான், வேறு வழியில்லாமல். தன் பேரில் கேட்டால் நான் ஊகித்துவிடுவேன் என்று மாமா பேரிலேயே லெப்பையை எழுதச் சொல்லியிருக்கிறது. எனக்கு மாமி மேல் கோபம் வரவில்லை. ஆனால் உம்மாவும் சேர்ந்து மறைத்தது ஏன் என்று கேட்டேன். காசிம் காக்கா சங்கடத்தோடு சொன்னார்: "கடலுக்கு அந்தப் பக்கம் தனியா இருக்க புள்ளைக்கு மௌத்து செய்தி எழுதுனா மனசு ஒடைஞ்சுரும்ல. அதனால சபர்ல இருக்கவுகளுக்கு நம்ம ஊர்ல யாரும் மௌத்தாகுறதில்ல தம்பி."

உம்மா பணம் கேட்டது

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. உம்மாவின் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் லெப்பையின் அதே கையெழுத்து. மாமாவின் கடிதங்களும் அதே கையெழுத்து, மௌத்தானதற்கு முன்னும் பின்னும். இதில் எதை வைத்து உம்மா உயிரோடு இருக்கிறது என்று நான் நம்புவது? ஒரே ஒரு ஆறுதல். எல்லாவற்றிலும், எனக்குப் பணம் வேண்டாம் என்ற வரி இருந்தது. ஆறு வருஷத்தில் உம்மா ஒரு ரூபாய் கேட்டதில்லை.

பத்து நாள் கழித்து அடுத்த கடிதம் வந்தது. "உடனே நூறு ரூபாய் அனுப்பு வாப்பா. எதற்கென்று கேட்காதே." இது உம்மா கேட்கிற பணம் இல்லை, உம்மா பேரில் யாரோ கேட்கிற பணம் என்றுதான் தோன்றியது. காசிம் காக்காவைப் பிடித்தேன். நான் புறப்படும்போது நல்லாத்தான் இருந்தாக என்று சத்தியம் செய்தார். ஆனால் சத்தியம் செய்யும்போதும் அவர் அரிசி மூட்டையைத்தான் பார்த்தார். என் கையில் இருந்தது டெக் டிக்கெட்டுக்கு மட்டும் சரியான காசு. பணத்தை அனுப்புவதா, போய்ப் பார்ப்பதா? வெறுங்கையோடு போய் இறங்கினால் உம்மாவுக்குத் தலைகுனிவு. உம்மாவே இல்லை என்றால் யாருக்குத் தலைகுனிவு? கருப்பையா அண்ணன்தான் முடித்து வைத்தார்: "பணத்த அனுப்புனா ரசீதுல ஒரு கைரேகை வரும். அது ஒங்க அம்மா ரேகையா, அடுத்த வீட்டுக்காரி ரேகையான்னு ஒனக்குத் தெரியுமாலே? போயிப் பாரு."

வெறும் பெட்டி

திரும்பி வருவதற்கான பர்மிட்டை முதலாளி வாங்கிக் கொடுத்தார். இரண்டு சட்டை, ஒரு கைலியோடு ஏறினேன். நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயிலும் பஸ்ஸும் மாறி ஊருக்கு வந்தபோது சாயங்கால அஸர் தொழுகை நேரம். எங்கள் வீட்டு வாசலில் நின்று சலாம் சொன்னேன். உள்ளேயிருந்து, "வஅலைக்கும் சலாம், யாரது?" என்று உம்மாவின் குரல் வந்தது. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உம்மா வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் அழுதோம். கொஞ்ச நேரம் கழித்து உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த நூறு ரூபாயைக் கையோடு கொண்டுவந்தாயா என்று கேட்டது.

இல்லை, அந்தக் காசில்தான் டிக்கெட் வாங்கினேன் என்றேன். உம்மா தலையில் கை வைத்துக்கொண்டது. பிறகு என்னை உள்ளே இழுத்துப்போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை வெளியே தள்ளித் திறந்தது. பரமக்குடித் தறியில் நெய்த கைலிகள். கொழும்புச் சோப்பு, பிஸ்கட் டின், தைலம், குடை. எல்லாம் கொழும்புச் சாமான் கொண்டுவந்து விற்கிற ராமேஸ்வரம் வியாபாரியிடம் சொல்லி, தவணைக்கு வாங்கியது; நூறு ரூபாய் கேட்டது அதற்குத்தான். "நீ வெறுங்கையோட எறங்க முடியாமத்தான் வராம கெடக்கேன்னு எனக்குத் தெரியாதா வாப்பா? அதான் சாமான இங்கனயே வாங்கிப் போட்டுட்டு ஒன்னய வரச் சொல்லலாம்னு இருந்தேன்," என்றது. அதை எழுதியிருக்கலாமே என்றேன். உம்மா என்னை விவரம் இல்லாதவனைப் போலப் பார்த்தது: "எழுதுறது யாரு, லெப்பை. அவருக்குச் சொன்னா, மத்தியானம் லுஹருக்குச் சொன்னது அஸருக்குள்ள ஊர் பூரா தெரிஞ்சுராதா?"

மறுநாள் காலையில் பெரிய மாமா நீங்கலாக முப்பத்தொரு பேரும் வந்தார்கள். தையல் மெஷின் கேட்ட சின்னம்மாவும் வந்தார். நேரில் பார்த்தும் எனக்கு யாரென்று தெரியவில்லை. சோப்பைக் கொடுத்தேன். கண்ணாடிக்காரப் பெரிய மாமாவுக்குச் சேர வேண்டியிருந்த குடையை மாமி வாங்கிக்கொண்டு என் கையைப் பிடித்தபடி நின்றது. ஜமால் மச்சான் கைலியை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "பினாங்குக் கைலின்னாப் பினாங்குக் கைலிதான் மச்சான். நம்ம பக்கம் எவன் இப்படி நெய்யுறான்?"

நாற்பது நாள் உம்மா கையால் சாப்பிட்டேன், பிறகு ராமேஸ்வரம் வியாபாரி வாசலுக்கு வரத் தொடங்கியதும் முதலாளிக்கு எழுதி டிக்கெட் வரவழைத்தேன். உம்மாவைப் பார்க்க வந்ததில் பட்ட கடனை அடைக்க உம்மாவை விட்டுவிட்டுக் கப்பலேறினேன், இது உங்களில் யாருக்காவது விளங்கினால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், பணம் கேட்காமல்.