நகர்த்தச் சொன்ன படம்

கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால், ஒரு கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். வேலை செய்தது இரண்டே பேர்: நானும், பளையிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு அண்ணையும். ட்ரோன் எடுத்த வயல் படத்தைப் பார்த்து, பயிர் எங்கே பழுதாகிறது என்று காட்டும் மென்பொருளை ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்காக எழுதிக்கொண்டிருந்தோம். அந்தப் போகம் அப்பாவின் வயலில் பூச்சி விழுந்தது. அவருக்கும் உதவியாக இருக்கட்டும் என்று அந்த வயலையே படம் எடுத்தோம்.

படம் மிகப் பெரியது. மென்பொருள் நினைவகம் போதாமல் பாதியில் நின்றது.

காரணம் தெரியும் என்றுதான் நினைத்தேன். ஒரு படத்தை நிரலின் இன்னொரு பகுதிக்குக் கொடுக்க இரண்டு வழி உண்டு. முழுதாகப் பிரதி எடுக்கலாம்; அதற்கு இரட்டிப்பு நினைவகம் வேண்டும். அல்லது உள்ளே இருப்பதை அப்படியே கழற்றி நகர்த்தலாம். எந்த வழி என்பதை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர்தான், கொடுக்கப்படும் பொருளின் தன்மையைப் பார்த்துத் தெரிவுசெய்யும். அது பிரதி எடுக்கிறது போலும் என்று, 'நகர்த்து' என வெளிப்படையாகவே எழுதினேன். கம்பைலர் எந்த எச்சரிக்கையும் தரவில்லை. ஓடவிட்டேன். அதே இடத்தில் நின்றது.

பின்னேரம் அப்பா எனக்கு ஃபோன் எடுத்துக் கேட்டார்.

"பிள்ளை, எந்தப் பக்கத்தால பயிர் பழுதாகுதெண்டு படத்தில வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லையப்பா. கொஞ்சம் பொறுங்கோ."

"நான் பொறுப்பன். பூச்சி பொறுக்குமே?"

மறுநாள் அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இஞ்ச பாருங்கோ. நீங்கள் எழுதினதில பிழை இல்லை. அந்த நிறுவனத்தின்ர நிரல் படத்தைத் தரேக்கையே 'கொன்ஸ்ட்' எண்டு போட்டுத் தருது."

பார்த்ததும் விளங்கிவிட்டது. கொன்ஸ்ட் என்றால் அந்தப் பொருளில் எதையும் மாற்றக்கூடாது. நகர்த்துவதென்றால் பழைய இடத்தை வெறுமையாக்க வேண்டும், அதுவும் மாற்றம்தான். ஆகவே நகர்த்தும் வழி பொருந்தவில்லை. பிரதி எடுக்க வாசித்தால் போதும், அது பொருந்தியது. பொருந்தியதைக் கம்பைலர் எடுத்துக்கொண்டது. அதன் கணக்கில் பிழையே நடக்கவில்லை.

அந்த நிரல் நிறுவனத்துடையது. அதைத் தொட எங்களுக்கு அனுமதியில்லை. அந்தச் சொல்லை எடுத்துவிடும்படி கேட்டு எழுதினேன். வேறு பலரும் அதைப் பாவிக்கிறார்கள், இப்போது மாற்ற முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. கம்பைலரை ஏமாற்றியும் எழுதலாம். ஆனால் அப்படி எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

"என்னண்ணை செய்யிறது?"

"படத்தைத் துண்டு துண்டா வெட்டித்தான் குடுக்கவேணும். பொருத்துற வேலை கனக்க இருக்கு."

அந்த வேலையில் நாங்கள் இருக்கும்போதே எந்தப் பக்கம் என்று தெரியாமல் அப்பா எல்லாப் பக்கமும் மருந்தடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வயலுக்குப் போனேன். மேற்கு மூலை மட்டும் மருந்துக்கு முன்பே காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடந்தது.

"அந்த மெசினுக்கு நீ சொன்னது விளங்கேல்லையோ?" என்று கேட்டார்.

"விளங்கினதப்பா. ஆனா அப்பிடிச் செய்ய ஏலாது அதால."

அவர் குனிந்து ஒரு நெற்கதிரைப் பிடுங்கி உள்ளங்கையில் கசக்கிப் பார்த்தார். 

அறுவடை நாளன்றுதான் துண்டுகள் சரியாகப் பொருந்தின. ஃபோனில் காட்டினேன். மேற்கு மூலை பழுதென்று சிவப்பாகத் தெரிந்தது. அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஓம், சரியாத்தான் காட்டுது" என்றார். வெட்டும் இயந்திரம், வெட்ட ஒன்றுமில்லாத அந்த மூலைக்குள் இறங்காமலே திரும்பிக்கொண்டிருந்தது.