வரிசையில் நின்ற பாத்திரங்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில், ஆவடிப் பக்கம் ஒரு விற்பனை வரி அலுவலகத்தில் நான் உதவியாளர். பணியில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. சட்டப் புத்தகத்தில் படித்ததை எங்காவது பயன்படுத்திப் பார்க்கத் துடித்த காலம். அப்போது என் மேசைக்கு வந்தது, சேக்காட்டில் இட்லிக்கடை நடத்திய தேவகியின் கோப்பு.

சிறு வியாபாரிக்கு ஆண்டு விற்பனை ஒரு வரம்பைத் தாண்டினால்தான் வரி. தாண்டவில்லை என்றார் தேவகி. ஆனால் கணக்கு நோட்டு இல்லை. கணக்கு இல்லாத இடத்தில், கிடைக்கும் சான்றுகளைக் கொண்டு விற்பனையை அதிகாரியே நிர்ணயிக்கலாம். அலுவலகத்தில் அதற்கு ‘பெஸ்ட் ஜட்ஜ்மெண்ட்’ என்று பெயர். ஒரு புதன்கிழமை நண்பகலில் ஆளில்லாத கடையைப் பார்வையிட்டு, மோட்டார் கிரைண்டரின் மின்கட்டண ரசீதுகளைக் குறித்துக்கொண்டு வந்தேன். இவ்வளவு மின்சாரத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு அரிசிக்கு இத்தனை இட்லி என்று இரண்டு நாள் கணக்குப் போட்டேன். விற்பனை வரம்பைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. வரியும் அபராதமும் விதிக்க உத்தேசம் என்று நோட்டீஸ் போயிற்று.

விசாரணைக்கு வந்த தேவகிக்கு, எங்கள் அதிகாரியின் முன்னிலையில் என் கணக்கைப் படித்துக் காட்டினேன்.

“இத்தினி இட்லி நான் சுட்டேனா? ஆவடியே குந்திகினு துன்னாலும் மீறுமேம்மா.”

கிரைண்டர் வாங்கிய கடனே இன்னும் அடையவில்லை, இந்த வரியும் வந்தால் அதை விற்றுவிட்டுக் கடையை மூட வேண்டியதுதான் என்று சொன்னபோது மட்டும் அவர் குரல் இறங்கியது.

பிறகு அதிகாரி பக்கம் திரும்பினார். “பாதிக்கு மேல குவார்ட்டர்ஸ்காரங்க மாவு சார். கூலிக்கு அரைச்சுக் குடுக்கறேன். அவங்க அரிசி, அவங்க உளுந்து. நான் இன்னாத்த வித்தேன்?”

பிறர் பொருளைக் கூலிக்கு அரைத்துத் தருவது விற்பனை ஆகாது. அந்தச் சட்டம் எனக்கு மனப்பாடம். கேட்கத்தான் தோன்றவில்லை.

யார் யாருக்கு அரைக்கிறீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா என்றார் அதிகாரி.

“எனுக்கு எயுதத் தெரியாது சார். அவங்கவங்க பேரு ஏனத்துலயே கீது. சனிக்கெயம காலைல வந்து பாருங்க.”

சனிக்கிழமை போனோம். கடைவாசலிலிருந்து தெருக்குழாய் வரை பாத்திரங்கள் வரிசையாக நின்றன. ஊறிய அரிசியையும் உளுந்தையும் வைத்துவிட்டுப் பெண்கள் வீட்டு வேலைக்குத் திரும்பிவிடுவார்களாம். பாத்திரமே இடம் பிடித்து நிற்கும். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸுக்கு எந்தெந்த ஊரிலிருந்தோ வந்த சீர்ப் பாத்திரங்கள். ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டியிருந்தது. அதிகாரி குனிந்து குனிந்து வாசித்தார். நான் எழுதிக்கொண்டே வந்தேன்.

இருபத்து மூன்றாவது, ஓர் எவர்சில்வர் தூக்கு. அதிகாரி வாசிக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இத நீங்களே படிங்கம்மா.”

‘வ. சுகுணா’ என்றிருந்தது. என் திருமணத்துக்கு அப்பா வாங்கித் தந்த தூக்கு.

நான் அலுவலகம் கிளம்பியதும் எங்கள் குவார்ட்டர்ஸ் வீட்டில் மாமியார் ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து மாவரைக்கிறார் என்றே பணியில் சேர்ந்த நாள் முதல் நம்பியிருந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் குற்ற உணர்வோடுதான் பேருந்து ஏறுவேன்.

“அட, அந்தப் பெரியம்மா மருமவளா நீ?” என்றார் தேவகி. “ஊட்ல சொல்லிடாதனு சத்தியம் வாங்கிகினாங்களே.”

அதிகாரி குழாயடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்க பேர மட்டும் அடிச்சிடுங்கம்மா. நோட்டீஸ் எழுதினவங்களே சாட்சின்னா நல்லா இருக்காது” என்றார்.

என் பெயர் இல்லாமலே வரிசை போதுமான அளவு நீண்டிருந்தது. கூலிக்கு அரைத்த மாவைக் கழித்ததும் இட்லி விற்பனை வரம்புக்குள் அடங்கியது. நோட்டீஸைக் கைவிடும் உத்தரவை நானே தட்டச்சு செய்தேன். அந்த மாதத்தில் நான் மிக மகிழ்ந்து செய்த வேலை அது. அதன்பின், ஒரு கடை எந்த நேரத்தில் நிரம்பி இருக்குமோ அந்த நேரத்தில் போய் நின்று பார்க்காமல் மதிப்பீடு எதையும் நான் எழுதியதில்லை. இந்தப் பணிக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியதும் அதுதான்.

பாத்திரங்களைப் பார்த்து வந்ததற்கு மறுநாள் ஞாயிறு. இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டே மாமியார் சொன்னார்: “என்ன இருந்தாலும் கல்லுல அரைச்சாதாம்மா இந்தப் பதம் வரும்.”

இன்னும் இரண்டு வைக்கச் சொன்னேன்.