ஆட்டுக்கல்லுக்கு மேல் ஒரு வளைவு

காவிரிக்கரையில், மோகனூருக்குப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, கொத்தனாராகக் கரண்டி பிடித்து வாழ்ந்த எங்கள் அண்ணன் அவர்கள் மறைந்து இன்றோடு ஓராண்டு. உடன்பிறந்தவள் நான், இந்த நினைவு மலருக்கு எனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதுகிறேன். அவர் கட்டிய வீடுகளைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் சொல்ல வேண்டியது ஒரு சுவரைப் பற்றி.

வெள்ளைக்காரன் காலம். அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்தார்கள். அம்மாவும் சின்னம்மாவும் கூடப்பிறந்த அக்கா தங்கை. ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே அடுப்பில் பொங்கியவர்கள். "இனி அந்த ஊட்டுக்காரிகிட்டப் பேசினா, இந்த ஊட்டுல உனக்குச் சோறு கெடையாது" என்றார் அப்பா. சித்தப்பாவும் தன் மனைவியிடம் அதையே சொன்னார்.

முற்றத்தின் நடுவே சுவர் எழுப்ப, வேலை பழகியிருந்த அண்ணனையே ஏவினார்கள். எல்லாம் பிரிந்தது. தரையில் பதித்திருந்த ஆட்டுக்கல் மட்டும் சரியாகக் கோட்டின்மேல் நின்றது. எனக்கு என்றார் அப்பா; எனக்கு என்றார் சித்தப்பா. மீசை வைத்த இரண்டு பேரும் மண்ணில் முழங்கால் போட்டு, நூல் பிடித்துக் கல்லை அளந்தார்கள். சீ! ஒருநாள்கூட மாவாட்டாத கைகள்.

அண்ணன் பணிவாகச் சொன்னார்: "ஏனுங்கப்பா, கல்லுக்கு மேல வளைவு போட்டு உட்டர்றனுங்க. பாதி உங்குளுக்கு, பாதி சித்தப்பாவுக்கு. ஓட்டைய ஆரு அடைக்கறாங்களோ, அவிங்க கல்ல உட்டுக்குடுத்த மாதிரிங்க."

"நான் எதுக்குடா உட்டுக்குடுக்கோணும்?" என்று இருவரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

வளைவு அப்படித்தான் வந்தது. இரண்டு பக்கமும் உட்கார வாகாக ஆளுக்கொரு பலகைக்கல்லும் போட்டுவைத்தார் அண்ணன். இந்தப் பக்கம் அம்மா குழவியைச் சுற்றுவார். அந்தப் பக்கம் சின்னம்மா மாவைத் தள்ளிவிடுவார். கல் இரைச்சலில் அவர்கள் பேச்சு ஆண்களுக்குக் கேட்காது.

"இன்னுமா ஆட்டறே? ஊருக்கே சோறு போடறியா?" என்பார் அப்பா.

"கல்லு பழசுங்க, சீக்கிரம் அரைபடமாட்டேங்குது" என்பார் அம்மா. மறுபக்கம் சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

அம்மா படுக்கையில் விழுந்தபோதும் அப்பா சின்னம்மாவை வாசல் வழியே வரவிடவில்லை. அண்ணன் அம்மாவைப் பாயோடு இழுத்து வளைவின் ஓரம் கிடத்தினார். ஒரு கை கஞ்சியோடு உள்ளே வந்தது. "அக்கா, வாயத் தொறங்க சாமி." அம்மாவின் கடைசி வாய்த் தண்ணீரும் அந்தக் கையால்தான். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அந்தச் சத்தத்தை நான் மன்னிக்கவில்லை.

நாமக்கல் பக்கமெல்லாம் வீடு கட்டிய அண்ணன், கடைசி நாட்களில் அந்த வளைவுக்குத்தான் சுண்ணாம்பு பூசினார்.

அவர் போன பதினாறாம் நாள், வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து சித்தப்பா மகன் குனிந்து, "அக்கா, அதான் அண்ணன் போயிட்டாருல்லீங்க, இத அடைச்சுப்போடலாமுங்க" என்றான். அதைச் சொல்லவும் அவனுக்கு அந்த ஓட்டைதான் வேண்டியிருந்தது.

"அடைச்சுக்க. அப்பறம் கல்லு எங்குளுது" என்றேன். தலையை இழுத்துக்கொண்டான்.

அண்ணனைக் கடைசிவரை தாங்கிய பிள்ளைகள், மருமகள்கள், அவரோடு கல் சுமந்த சித்தாள்கள், அவரைச் சுமந்துபோனவர்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். சித்தப்பா வீட்டுக்கும் இந்த நினைவு மலரில் ஒன்றை எடுத்துவைத்திருக்கிறேன். வாசலேறி வந்து வாங்க மாட்டார்கள். வளைவு வழியாக நீட்டுவேன். கையை மட்டும் நீட்டட்டும்.