மீசைக்காரரின் லாரிக் கண்ணாடிகள்

லாரி ஓட்டுகிறவர்கள் மத்தியில் அவருக்குப் பெயர் மீசைக்காரர். முறுக்கு சரியாக நிற்கிறதா என்று பார்ப்பதற்காகவே தன் பக்கத்துக் கண்ணாடியை உள்நோக்கித் திருப்பி வைத்திருந்தார். மறுபக்கத்துக் கண்ணாடியின் தண்டு கழன்று, பழைய ட்யூப் ரப்பரின் தயவில் தொங்கிக்கொண்டிருந்தது. யாராவது கேட்டால், "வண்டி என் உடம்பு மாதிரி. என் முதுகைச் சொறிய எனக்குக் கண்ணாடி எதுக்கு?" என்பார். இதுவரை எதிலும் இடித்ததில்லை என்ற மிதப்பு.

மகள் வீடு மாறியபோது பீரோவைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை அவரே ஏற்றுக்கொண்டார். மனைவியும் கூட ஏறினாள். போகும் வழியில், காற்றில் ஆடிய கண்ணாடியைப் பார்த்து அவள் கேட்டாள்: "என்னங்க இது, நீங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுது?"

"வீட்டுலதான் யாரும் ஆட்டலை. இதாவது ஆட்டட்டும்."

"பின்னால வர்ற வண்டி தெரியுதா?"

"ஹாரன் அடிச்சா தெரியும்."

மகள் வீட்டுச் சந்து ஒடுக்கமானது. லாரியைப் பின்னால் எடுக்க, மாப்பிள்ளை பின்புறம் நின்று வழி சொன்னார். மாமனாரிடம் குரலை உயர்த்தாத பிள்ளை. "வரலாம் மாமா" என்று சொன்ன அதே மெல்லிய குரலில்தான் "போதும் மாமா" என்றும் சொன்னார். இன்ஜின் சத்தத்தில் இரண்டும் ஒன்றாகிப் போயின. கண்ணாடியில் ஏதோ நடுங்கியதே தவிர, ஆள் தெரியவில்லை.

மாடி ஜன்னலிலிருந்து மகள் அலறினாள். "அப்பா, நிறுத்துங்க!"

பிரேக்கை மிதித்துவிட்டு இறங்கி ஓடினார். மாப்பிள்ளை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார். லாரியின் பின்கதவுக்கும் அவர் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கை நுழையலாம், அவ்வளவுதான். பிளாஸ்டிக் வாளி ஒன்று சக்கரத்தடியில் அப்பளமாகக் கிடந்தது. அப்போதும் அந்த மனிதர், "பரவாயில்லை மாமா" என்றார்.

அந்த வார்த்தை மீசைக்காரரை உலுக்கிவிட்டது. மகள் நீட்டிய தண்ணீரை வாங்கியவர் பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். வீடு திரும்பும் வரை மனைவி ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துப் பின்னால் வரும் வண்டிகளைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மறுநாளே வண்டியைப் பட்டறையில் விட்டார். புதுத் தண்டு, புதுக் கண்ணாடிகள், சக்கரத்தை ஒட்டி நிற்கிறவர்களையும் காட்டும் உப்பலான வட்டக் கண்ணாடி ஒன்று, எல்லாம் வந்தன. அதன்பிறகு தினமும் கிளம்புமுன் ஈரத்துணியால் துடைப்பார், தண்டை அசைத்துப் பார்ப்பார், போல்ட்டை முறுக்குவார். பிறகு சீட்டில் உட்கார்ந்துகொண்டு மனைவியைப் பின்சக்கரத்தருகே நிற்க வைப்பார்.

"கொஞ்சம் தள்ளு. இன்னும். ஆங், இப்ப தெரியுற."

"கல்யாணம் ஆனதுலேருந்து இப்பதான் என்னை இவ்வளவு உத்துப் பாக்குறீங்க."

சரக்கு ஏற்றும் இடத்திலும் அவர் சும்மா இருப்பதில்லை. ஊரார் லாரிக் கண்ணாடியையெல்லாம் அசைத்துப் பார்ப்பார், கேட்காமலே துடைப்பார். துணியும் கையுமாக அவர் வந்தாலே டிரைவர்கள் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொள்வார்கள். அவர்களில் அதிகம் கிண்டலடித்தவர் ஒருநாள் கிளம்பும்போது அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கூப்பிட்டார்:

"அண்ணே, கொஞ்சம் பின்னாடி போய் நில்லுங்களேன். தெரியுறீங்களான்னு பாக்குறேன்."

மீசைக்காரர் குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினார்.