மத்தூருக்குக் கொண்டுபோன சேதி

ஐம்பதுகளில் ஒரு நாள் விடியற்காலை, அப்பா கிருஷ்ணகிரியில் இறந்துபோனார். மத்தூரில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்காவிடம் சொல்ல என்னை அனுப்பினார்கள். கல்லூரியில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவன் பக்குவமாகச் சொல்லுவான் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை, எனக்கும்தான். பஸ்ஸிலேயே சேதியைக் கால வரிசைப்படி அடுக்கிக்கொண்டேன்: முதலில் காய்ச்சல், அப்புறம் வைத்தியர், முடிவைக் கடைசிப் பத்தியில்தான் சொல்வது.

அக்கா எருமைக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, போன வாரம் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்துச்சு...” என்று ஆரம்பித்தேன்.

வைத்தியர் வந்த கட்டத்தில் கையமர்த்தினாள்.

“நல்லாயிருந்தா அதத்தாண்டா மொதல்ல சொல்லியிருப்ப. எப்ப எடுக்கறாங்க?”

அந்தக் கேள்விக்கு மட்டும் நான் எதையும் தயாரித்து வைத்திருக்கவில்லை.

“நீ வந்தப்பறந்தாங்க்கா,” என்றேன்.