ஜஸீலாவின் வெள்ளைக் கோட்டு

எங்கள் நர்சிங் கல்லூரியில் படிப்பு முடியும்போது, பிள்ளைகள் ஒருவர் வெள்ளைக் கோட்டில் மற்றவர் மார்க்கரால் வாழ்த்து எழுதுவார்கள். கடைசித் தேர்வுக்குப் பிறகு அடிக்க வேண்டிய கூத்து அது. இந்த வருடம் போட்டோகிராபர் கிடைத்த நாளைப் பார்த்து, செய்முறைத் தேர்வுக்கு மூன்று நாள் முன்பே நடத்தினார்கள். நான்கு வருடம் படித்த புத்தி அவ்வளவுதான்.

பட்டுக்கோட்டை ஜஸீலா மட்டும் கோட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஜவுளிக்கடைக்காரர் மவளுக்குக் கோட்டுக்குப் பஞ்சமாடி?" என்றாள் அனிட்டா. முதல் கோட்டு நிரம்பிவிட்டதென்று இரண்டாவதையும் எழுதக் கொடுத்திருந்தவள் அவள்.

"திங்கக்கிழமை எக்ஸாமுக்கு எதைப் போட்டுட்டு வருவ?" என்றாள் ஜஸீலா.

"தொவைச்சா போயிடும், போடி."

போகவில்லை. அனிட்டா ஸ்பிரிட்டும் ப்ளீச்சும் போட்டுத் தேய்த்ததில் நீலம் முதுகெல்லாம் பரவியதுதான் மிச்சம். அந்தக் கோட்டோடு தேர்வு வார்டுக்குள் விடமாட்டார்கள். தேர்வு தவறினால் ஆறு மாதம் வீண்.

திங்கட்கிழமை காலையிலேயே தேர்வை முடித்துவிட்டு வந்த ஜஸீலாவிடம், பிற்பகல் தேர்வுக்காரி அனிட்டா கை நீட்டினாள். ஜஸீலா கோட்டைக் கழற்றிக் கொடுத்தாள்.

"ஈரமா இருக்கு. நாத்தம் வேற அடிக்குதுடி."

"பெட்ல இருந்த தாத்தா வாந்தி எடுத்துட்டாரு. கழுவிட்டேன். வேணாம்னா குடு."

அனிட்டா மூக்கைச் சுளித்தபடியே போட்டுக்கொண்டு போய்த் தேர்வை முடித்தாள். திரும்பி வந்து கோட்டைக் கழற்றியதும் நன்றி எழுத மார்க்கரை எடுத்தாள்.

ஜஸீலா மார்க்கரைப் பிடுங்கி மூடினாள். "மொதல்ல தொவைச்சுக் குடு."