கழுத்தில் தொண்ணூற்றாறு கண்ணிகள்

எங்கள் ஒழுங்கையின் இரண்டு பக்க வீடுகளிலும் அந்த வருடம் ஞானஸ்நானம் பெற்ற ஏழு குழந்தைகளும் நான் பின்னிய தொப்பியோடுதான் கோவிலிலிருந்து வீட்டுக்கு வந்தார்கள். குருநகர் வெயிலில் கம்பளித் தொப்பி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. தலையில் தண்ணீர் ஊற்றித் துடைத்த கையோடு தொப்பியை மாட்டிவிடுவார்கள். குழந்தை வியர்த்து வீறிட்டு அழும். தாய்மார் "எவ்வளவு வடிவு" என்பார்கள். பள்ளிக்கூடத்துத் தையல் பாடத்தில் கற்ற பின்னல் அது. சோதனை எழுதிவிட்டு வீட்டில் இருந்த மாதங்களில் அதுவே என் பொழுதுபோக்கு.

பின்னுவதைவிடப் பெரிய பெருமை ஒன்று எனக்கு இருந்தது. பின்னும் முறை ஆங்கிலப் புத்தகத்தில் இருந்தது. அதை நான் வாசித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது, பெருவிரலில் மை பூசித்தான் கையொப்பம் வைப்பார். அண்ணை மூன்றாம் வகுப்போடு அப்பாவின் மீன்பிடி வள்ளத்தில் ஏறிவிட்டார். அவர் என்னை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். நையாண்டி என்று தெரிந்தும் அது எனக்குப் பிடித்திருந்தது.

சண்டையால் கடலுக்குப் போகும் நாட்கள் குறைந்துகொண்டே வந்த காலம். அண்ணையை ஜேர்மனிக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. அங்கே முன்னமே போயிருந்த அவருடைய கூட்டாளி எழுதிய கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். விமானத்தால் இறங்கிய அன்று குளிரில் தன் கைவிரல்கள் மடங்கவில்லை என்றும், சுவெட்டர் இல்லாமல் யாரும் வந்துவிட வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். பெரியகடைச் சந்தையில் பெரிய ஆளுக்கு அளவான சுவெட்டர் எந்தக் கடையிலும் இல்லை.

"நான் பின்னுறன்" என்றேன்.

"குழந்தைப்பிள்ளையின்ரை தொப்பியை நாலு தரம் பெருப்பிச்சாச் சரிதானே, டீச்சர்?" என்றார் அண்ணை.

கடுநீல நூலில் ஆறு வாரம் பின்னினேன். கடல் இல்லாத நாட்களில் அப்பா பக்கத்தில் இருந்து கிழிந்த வலையைப் பொத்துவார். ஒரு நாள் நான் அவசரமாக எழும்பியபோது ஊசி நழுவி, அதில் நின்ற நூல் வளையங்களில் ஒரு கண்ணி கழன்றது. அது நின்ற இடத்தில் நிற்கவில்லை. கீழே, அதன் கீழே என்று பத்து வரிசை கண்ணெதிரே கழன்றுகொண்டு போனது. அப்பாவின் கை வலையிலேயே நின்றுவிட்டது.

"இதென்ன பிள்ளை, முடிச்சே இல்லையே?"

"முடிச்சுப் போடக் கூடாது அப்பா. உது வலையில்லை."

"அப்ப ஒண்டின்ரை கையை ஒண்டு பிடிச்சுக்கொண்டு நிக்குது. ஒண்டு கையை விட்டால்?"

"விடாது."

"இப்ப விட்டுதே!"

அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். "டீச்சற்றை வலையைப் போட்டால் மீன் தானே கழட்டி, மடிச்சு வைச்சிட்டுப் போகும்."

எனக்குக் கோபம் வந்தது. கழன்றதைக் கொக்கி ஊசியால் ஒவ்வொன்றாக ஏற்றி எடுத்தேன். எப்படி எடுக்கிறேன், முடிச்சு ஏன் கூடாது என்று அப்பாவுக்குச் சொல்லவில்லை. சொன்னாலும் விளங்காது என்று நினைத்தேன்.

அண்ணை புறப்படும் நாள் காலையில் கழுத்து மட்டும் மிச்சம் இருந்தது. நூல் முடிந்துவிட்டது. கழுத்தைச் சுற்றி நின்ற தொண்ணூற்றாறு கண்ணிகளையும் ஒரு வெள்ளை நூலில் கோத்துப் பத்திரமாக வைத்துவிட்டு, சைக்கிளில் பெரியகடைக்குப் போனேன். மூன்று மணிக்கு அண்ணையைக் கொழும்புக்கு ஏற்றிப்போக வாடகை வான் வரும். அதே நீலம் கிடைக்க நான்கு கடை ஏற வேண்டியிருந்தது. திரும்பியபோது மத்தியானம் கடந்துவிட்டது.

சுவெட்டர் கைபிடி வைத்த கதிரையில் மடித்துக் கிடந்தது. கழுத்தைச் சுற்றி ஏதோ மினுங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தேன். மீன்பிடிக்கும் தங்கூசி, நைலோன் நரம்பு. தொண்ணூற்றாறு கண்ணிகளும் ஒவ்வொன்றாக, இறுக்கி, வலையின் தலைக்கயிற்றில் கட்டுவதுபோல் கட்டப்பட்டிருந்தன. என் கையிலிருந்த நூற்பந்து உருண்டு முற்றத்துக்குப் போனது.

"வந்திட்டியோ?" என்றார் அப்பா. வலையூசி இன்னும் அவர் கையில் இருந்தது. "எல்லாம் சும்மா ஒரு நூலிலை தொங்கிக்கொண்டு கிடந்துது. அவன் போற வழியிலை அவுந்தால் ஆர் பிள்ளை பொத்திக் குடுக்கிறது? இனிப் புயலடிச்சாலும் அவுழாது."

அண்ணை சுவெட்டரை எடுத்துத் தலையில் மாட்டினார். முகம் உள்ளே இருக்க, நெற்றியில் இறுகி நின்றது. இழுத்தார். கழுத்து ஒரு நூலளவும் விரியவில்லை. கம்பளி விரியும், தங்கூசி விரியுமா?

சுவெட்டருக்குள்ளேயிருந்து அண்ணையின் குரல் வந்தது. "அம்மா, பாஸ்போட்டிலை இருக்கிற தலையை எயார்போட்டிலை எப்பிடிக் காட்டுறது?"

அம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "எழுதப் படிக்கத் தெரியாத நீங்கள் ஏன் அதிலை கை வைச்சனீங்கள்?" என்று கத்தினேன்.

அம்மாவின் சிரிப்பு நின்றது. அண்ணையின் கைகள் சுவெட்டருக்குள் அப்படியே நின்றன. அந்த வார்த்தைகள் என் வாயிலிருந்துதான் வந்தன என்பதை என்னால் நம்ப முடியவில்லை. இவ்வளவு காலமும் அவை எனக்குள் தயாராக இருந்திருக்கின்றன.

அப்பா வலையூசியைக் கீழே வைத்தார். அண்ணையின் தலையிலிருந்து சுவெட்டரை மெல்ல உருவி எடுத்து மடியில் வைத்தார். மடிக்கத்தியை விரித்தார்.

"வெட்டினால் எல்லாம் கழண்டு ஓடும்" என்றேன்.

"ஓடவிட மாட்டன். நீ ஊசியை எடு."

ஒரு முடிச்சை நகத்தால் கிளப்பி, கத்தி நுனியால் தங்கூசியை மட்டும் அறுத்தார். விடுபட்ட கண்ணியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். நான் அதை ஊசியில் ஏற்றினேன். பிறகு அடுத்தது. உப்பிலும் கயிற்றிலும் காய்த்துப்போன அந்த விரல்களுக்குள் ஒரு கண்ணிகூட நழுவவில்லை. என் கைதான் இரண்டு தடவை தவறியது. இரண்டு தடவையும் அவர் பிடித்துக்கொண்டார்.

இருபது கண்ணி போனபின் கேட்டார். "உன்ரை புத்தகத்திலை கழுத்துக்கு என்ன போட்டிருக்கு?"

"தளர்வாய் முடிக்கச் சொல்லிக் கிடக்கு. தலை போக வேணுமாம்."

அவர் கத்தியை நிறுத்தி என்னைப் பார்த்தார். "அதை முந்தியே எனக்கு வாசிச்சுக் காட்டியிருக்கலாமே, மோனை."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்த கடிதங்களையெல்லாம் வாசித்துக் காட்டியவள் நான். அந்தப் புத்தகத்தில் ஒரு வரியைக்கூட யாருக்கும் வாசித்துக் காட்டியதில்லை.

அறுபதாவது கண்ணியில் ஒழுங்கை முகப்பில் வானின் கோர்ன் அடித்தது. ஊசியில் இருந்தவற்றைப் புது நூலால் தளர்வாக முடித்தேன். மிச்சம் முப்பத்தாறும் அப்பாவின் முடிச்சிலேயே நின்றன. அவிழ்க்க நேரம் இல்லை.

"போட்டுப் பார்" என்றார் அப்பா.

அண்ணை தலையை நுழைத்தார். தங்கூசி இருந்த பக்கம் காதை உரசிச் சிவக்க வைத்தது. அப்பா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து இழுத்தோம். தலை வெளியே வந்தது.

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அண்ணை நீலச் சுவெட்டரோடு, முகமெல்லாம் வியர்வை வழிய, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வானில் ஏறினார். சாரதி அவரைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"கொழும்புமட்டும் கழட்டி வையடா, அவிஞ்சு செத்துப் போவாய்!" என்று அம்மா கத்தினார்.

"வேண்டாம் அம்மா" என்றார் அண்ணை. "கழட்டினால் திரும்பப் போட்டுவிட அப்பாவும் டீச்சரும் அங்கை இருக்க மாட்டினம்."